ஹசார்டஸ் பயிற்சிக்குப் பணம் கட்டுவது யார்? சம்பளத்துக்கு ஓட்டும் டேங்கர் டிரைவருக்கான வழிகாட்டி

கேஸ், பெட்ரோல், ஆசிட், அம்மோனியா போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியை ஓட்ட ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டி, லைசென்ஸில் ‘ஹசார்டஸ்’ (ஆபத்தான சரக்கு) என்ற தனி ஒப்புதலும் ஏற்றியிருக்க வேண்டும். இதற்கான பணத்தை யார் கொடுப்பது என்பதில்தான் நாமக்கல், சங்ககிரி, மணலி, தூத்துக்குடி என்று டேங்கர்கள் நிற்கிற ஊர்களில் டிரைவருக்கும் ஓனருக்கும் இழுபறி. பல இடங்களில் டிரைவர் தன் கையிலிருந்தே கட்டிவிட்டு, அதுதான் முறை என்று நினைத்துக்கொள்கிறார்.

எங்கள் பதில் இதுதான். ஒரு ஓனரிடமோ டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடமோ சம்பளத்துக்கு ஓட்டுகிறீர்கள் என்றால், பயிற்சிச் செலவு முழுவதும் அவர்களுடையது. முழுவதும் என்றால் கட்டணம், மூன்று நாள் சம்பளம், போக வர பஸ் செலவு, சாப்பாடு, ஆர்.டி.ஓ. அலுவலகக் கட்டணம் எல்லாம் சேர்த்து. டிரைவர் தானே கட்டுவதில் நியாயம் இருப்பது மூன்று இடங்களில்தான்: வண்டி அவருடைய சொந்த வண்டியாக இருக்கும்போது, ஒரே ஓனர் என்று இல்லாமல் ஆக்டிங் ஓட்டும்போது, அல்லது இன்னும் எந்த வேலையிலும் சேராமல் டேங்கர் லைனுக்கு வர நினைக்கும்போது. கடைசி நிலையிலும் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது.

விதிகள் கடமையை யார் மேல் வைக்கின்றன

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் நான்கு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 9, 131, 132, 135.

விதி 9 டிரைவருக்கானது. ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், மாநில அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கிறது. இந்த ஒரு விதியை மட்டும் காட்டித்தான், ‘இது உன் லைசென்ஸ் சமாச்சாரம், உன் செலவு’ என்று ஓனர்கள் சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற மற்ற மூன்றை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

விதி 131 சரக்கை அனுப்புகிற கம்பெனிக்கானது. சரக்கின் ஆபத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற டிரைவர்தான் வண்டியை ஓட்டுகிறார் என்று உறுதிசெய்வது அவர்கள் பொறுப்பு. விதி 132, டிரைவரிடம் விதி 9-இன்படியான லைசென்ஸ் இருப்பதை உறுதிசெய்வது ஓனரின் கடமை என்கிறது. விதி 135 இன்னும் தெளிவானது. சரக்கு எப்படிப்பட்டது, அதனால் என்ன ஆபத்து, ஓடும்போதும் நிற்கும்போதும் என்ன எச்சரிக்கை, அவசரத்தில் என்ன செய்வது என்பவற்றில் டிரைவர் போதுமான அறிவுரையும் பயிற்சியும் பெற்றிருக்கிறார் என்பதை, சரக்கு அனுப்புபவருக்குத் திருப்தி ஏற்படும் வகையில் ஓனர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

‘கட்டணத்தை ஓனர் கட்ட வேண்டும்’ என்று இந்த விதிகளில் ஒரு வரி நேராக இல்லை. ஓனரிடம் பேசும்போது இருப்பதாகச் சொல்லாதீர்கள். அவர் விதியைக் கொண்டுவரச் சொன்னால் உங்கள் பேச்சு அங்கேயே விழுந்துவிடும். ‘பயிற்சி பெற்ற ஆளை வண்டியில் ஏற்றுவது உங்கள் கடமை, கடமை உங்களுடையது என்றால் செலவும் உங்களுடையது’ என்பதே சரியான வாதம்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் டிரான்ஸ்போர்ட் கம்பெனியாக இருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், வேலையிடத்தில் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று முதலாளியின் கடமைகளில் எழுதி வைத்திருக்கிறது. ஆபத்துச் சரக்குப் பயிற்சி பாதுகாப்புக்காகச் செய்வது இல்லையென்றால் வேறு எது?

ஓனரிடம் எப்போது, எப்படிப் பேசுவது

பேச வேண்டிய நேரம் வேலையில் சேருமுன். வேலை செய்துகொண்டே புதுப்பிக்கிறவர் என்றால், ஒப்புதல் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு. ட்ரிப் கணக்கு பார்க்கும் அன்றைக்குப் பேசாதீர்கள். டீசல், டோல், பேட்டா என்று ஏற்கெனவே இழுபறியில் இருக்கும் கணக்கில் இதுவும் ஒரு வரியாகப் போய், ‘பாதி நீ, பாதி நான்’ என்று முடியும்.

கேட்குமுன் முழுச் செலவையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கட்டணம் மட்டும்தான் செலவு என்று இரண்டு பக்கமும் நினைப்பதால் டிரைவருக்குத்தான் நஷ்டம். கணக்குக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் 2,500 ரூபாய். நாள் வருமானம் 900 என்றால் மூன்று நாளுக்கு 2,700. சாப்பாடு நாளுக்கு 250 வீதம் 750. பஸ் 400. சான்றிதழோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் ஒரு நாளுக்கு இன்னொரு 900. மொத்தம் 7,250. இதில் கட்டணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ‘கட்டணத்தை நான் தருகிறேன்’ என்று ஓனர் சொன்னவுடன் சரி என்று எழுந்து வந்தால், மீதி 4,750 உங்கள் தலையில்.

ஓனரிடம் எடுபடுவது இன்சூரன்ஸ் பேச்சு. ஹசார்டஸ் ஒப்புதல் இல்லாத டிரைவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை ஓனரிடமிருந்து வசூல் செய்யலாம். 2025-இல் ஒரு எண்ணெய் டேங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பு சொன்னது. ஒரு உயிரிழப்பு வழக்கின் இழப்பீடு லட்சங்களில் வரும். அதன் பக்கத்தில் வைத்தால் 7,250 ஒன்றுமே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவையும் சொல்லலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்துச் சரக்கு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை வரலாம். அடுத்த முறை 20,000 அல்லது மூன்றாண்டு வரை. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரும் ஓட்ட விடுகிறவரும் அந்தப் பிரிவில் மாட்டுவார்கள்.

இதற்கெல்லாம் அசையாதவரும் லோடு போகுமே என்றால் அசைவார். சரக்கு ஏற்றும் டெர்மினலின் கேட்டில் லைசென்ஸைப் பார்த்து, ஹசார்டஸ் தேதி முடிந்திருந்தால் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் எவ்வளவு போகும் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.

வாயால் பேசியதை எழுத்தாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். நீட்டி எழுத வேண்டாம்:

‘ஐயா, உங்கள் (வண்டி எண்) டேங்கரை நான் ஓட்டிவருகிறேன். என் லைசென்ஸில் ஹசார்டஸ் ஒப்புதல் (தேதி) அன்று முடிகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 132, 135-இன்படி பயிற்சிக்கு என்னை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். (நிறுவனம்) (தேதி) முதல் வகுப்பு நடத்துகிறது. கட்டணம், அந்த நாட்களின் சம்பளம், பயணச் செலவு சேர்த்து ரூ. (தொகை) ஆகும்.’

இதற்குப் பதிலே வராவிட்டாலும் இது வீண் போகாது. நாளைக்கு ஒப்புதல் இல்லாமல் வண்டியை எடுக்கச் சொல்லி, வழியில் மாட்டினால், ‘டிரைவர் எங்களிடம் சொல்லவில்லை’ என்று யாரும் கைகழுவ முடியாது. தேதி முடிந்த பிறகு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். ஓனர் கட்டாயப்படுத்தினாலும் லைசென்ஸ் உங்களுடையது, வழக்கும் முதலில் உங்கள் பெயரில்தான் விழும்.

‘நான் கட்டுகிறேன், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்’

கண்ணில் படாமல் பணம் போகும் வழி இது. சம்பளத்தில் எதெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டுக் கூலித் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. வேலைக்கு வராத நாள், வாங்கிய முன்பணம், பி.எஃப்., வரி என்று போகும் அந்தப் பட்டியலில் பயிற்சிக் கட்டணம் என்ற தலைப்பே கிடையாது.

ஆனால் முன்பணம் என்ற தலைப்பு உண்டு. ஓனர் பயிற்சிக்குப் பணம் கொடுத்துவிட்டு, வவுச்சரில் ‘அட்வான்ஸ்’ என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கினால், மாதாமாதம் பிடிக்க அவருக்கு வழி கிடைத்துவிடுகிறது. ஆகவே வவுச்சரில் கையெழுத்துப் போடுமுன் எதற்கான பணம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஹசார்டஸ் பயிற்சிச் செலவு’ என்று இருக்க வேண்டும். ‘அட்வான்ஸ்’ என்றோ, காரணம் இல்லாமல் வெறும் தொகையாகவோ இருந்தால், உங்கள் கையாலேயே பக்கத்தில் ‘பயிற்சிச் செலவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓனர் பக்கம் இருக்கிற ஒரு பயம் நியாயமானது. செலவு செய்து பயிற்சி கொடுத்தால், அடுத்த மாதமே டிரைவர் பக்கத்து ஆபீஸுக்குப் போய்விடுகிறார். அதற்கு ஒரு தாளில் நேர்மையாக ஒப்பந்தம் போடலாம்: ஓராண்டு வேலை செய்தால் எதுவும் திருப்பித் தர வேண்டாம்; நடுவில் நின்றால் மீதி மாதங்களுக்கு உண்டானதை மட்டும் தர வேண்டும். கட்டணம் 3,000, எட்டு மாதத்தில் நின்றுவிட்டார் என்றால், மீதி நான்கு மாதத்துக்கு 1,000 ரூபாய். ஓனரே வேலையை விட்டு நிறுத்தினாலோ, சம்பளத்தைப் பாக்கி வைத்ததால் டிரைவர் நின்றாலோ, ஒன்றும் தர வேண்டியதில்லை என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். ‘நடுவில் போனால் முழுப் பணம், அதோடு அபராதம்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

லைசென்ஸையும் சான்றிதழையும் ஓனர் பீரோவில் பிணையாக விட்டுவைக்காதீர்கள். ஆபீஸுக்கு ஜெராக்ஸ் போதும். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டு, டிரைவர் விலக நினைக்கும் நாளில் தர மறுப்பது இந்த லைனில் பழைய பழக்கம். டிஜிலாக்கரில் லைசென்ஸை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2018-இலிருந்து சாலைச் சோதனையில் அதைக் காட்டினால் விதிப்படி செல்லும்.

வேலை இல்லாதபோது தானே கட்டிச் சேர்வது

பாடி லாரி (சாதாரண சரக்கு லாரி) ஓட்டிக்கொண்டிருப்பவர் டேங்கருக்கு மாற நினைக்கும்போது, ஒப்புதல் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் ஓனர் ஒப்புதலுக்கு அனுப்புவார் என்ற சிக்கலில் நிற்பார். பணத்தைக் கட்டுமுன் இரண்டு மூன்று டேங்கர் ஆபீஸ்களில் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்வார்களா, எந்தச் சரக்கு, புல்லட்டா (கேஸ் டேங்கர்) எண்ணெய் டேங்கரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘பயிற்சி முடித்துவிட்டு வா’ என்று ஒருவர் சொன்னால், ‘சேர்ந்து மூன்று மாதம் ஓட்டிய பிறகு பயிற்சிப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?’ என்று அங்கேயே கேளுங்கள். டிரைவர் தட்டுப்பாடு இருக்கும் நேரத்தில் இதற்குச் சம்மதிக்கிறவர்கள் உண்டு. சம்மதித்தால் அதையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வாங்கி வையுங்கள்.

பணம் கட்டும்போது பில் கேளுங்கள். பில் இல்லாமல் யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். ஓனர் கட்டுவதாக இருந்தால், கம்பெனி பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள். அதை அவர் தொழில் செலவாகக் கணக்கில் காட்டலாம் என்பதே பல ஓனர்களைச் சம்மதிக்க வைக்கும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் பெரிது: மாநில அரசின் அங்கீகாரம் இந்தப் பயிற்சிக்கு இருக்கிறதா, அது எந்தத் தேதி வரை? ‘எங்களிடம் எல்லா அங்கீகாரமும் உண்டு’ என்ற பதிலை ஏற்காதீர்கள். சாதாரண டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அனுமதி வேறு, ஆபத்துச் சரக்குப் பயிற்சிக்கான அங்கீகாரம் வேறு. ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே எந்த நிறுவனத்தின் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். தமிழ்நாட்டில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நிலையம் நடத்துகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. விசாரிக்கத் தொடங்க இந்த இரண்டும் நல்ல இடங்கள்.

டெர்மினலிலோ பாட்லிங் பிளான்டிலோ ஆயில் கம்பெனி எடுக்கும் பாதுகாப்பு வகுப்பு பயனுள்ளது, கட்டாயம் உட்காருங்கள். ஆனால் அது விதி 9 சான்றிதழுக்கு மாற்று ஆகாது.

மூன்று நாளில் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்

பணம் யாருடையதாக இருந்தாலும், அதற்கான பயன் கைக்கு வர வேண்டும். காலையில் பணம் கட்டி மாலையில் சான்றிதழ் வாங்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். பாடத்திட்டம் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு நாள் தற்காப்பு ஓட்டுதலும் ஓட்டும் திறனும்: பிரேக் தூரம், இரவு ஓட்டம், இறக்கம், ரயில்வே கேட், கிளம்புமுன் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் செக்லிஸ்ட், நிறுத்தியபின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. ஒவ்வொரு டிரைவரையும் தனித்தனியாக வண்டியில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் களப்பயிற்சியும் அதில் சேரும். மூன்றாம் நாள் சரக்கின் பாதுகாப்பு.

மூன்றாம் நாளைக் குறுக்குகிற இடங்கள்தான் அதிகம். அன்றைக்குக் கற்க வேண்டியதில் முதலாவது, வண்டியில் ஒட்டியிருக்கும் அவசரத் தகவல் பலகையைப் படிப்பது. பெட்ரோல் டேங்கரில் 1203 என்று யு.என். எண் (எந்தச் சரக்கு என்று காட்டும் எண்) இருக்கும், கேஸ் என்றால் 1075, டீசல் 1202, கந்தக அமிலம் 1830, அம்மோனியா 1005, குளோரின் 1017. பெட்ரோலுக்கு எண்ணோடு ‘3 ஒய் ஈ’ என்று ஒரு குறி இருக்கும். 3 என்றால் தீயை அணைக்க நுரை வேண்டும். வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும். ஒய் என்றால் சிந்தியதைச் சாக்கடையில் கழுவி விடக் கூடாது, மண் போட்டுத் தடுத்து நிறுத்த வேண்டும், மூச்சுக் கவசம் இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. ஈ என்றால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவதை யோசிக்க வேண்டும். மூன்றே எழுத்தில் தீயணைப்புக்காரருக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. அவர் வருமுன் போனில் இதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் டிரைவர்தான்.

கேஸ் வண்டி ஓட்டுபவர் இதற்கு மேலும் கேட்டுப் படிக்க வேண்டும். திரவ கேஸ் வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு ஆவியாக விரியும். காற்றைவிட எடை அதிகம் என்பதால் மேலே போகாது. தாழ்வான இடத்துக்கும், சாக்கடைக்கும், பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கும் ஊர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை உறைந்த ஈரம்; கேஸ் அதைத் தாண்டியும் பரவியிருக்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். வெயிலில் திரவம் விரியும் என்பதால்தான் புல்லட்டை 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. கசிவில் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியாத நிலையில் அந்தத் தீயை அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத கேஸ் சேர்ந்து, அடுத்த பொறியில் மொத்தமாக வெடிக்கும். அந்த நேரத்தில் டேங்கைத் தண்ணீர் அடித்துக் குளிர்விப்பதுதான் வேலை. அதைத் தீயணைப்புப் படை பார்த்துக்கொள்ளும். டிரைவரின் வேலை என்ஜினை நிறுத்தி, பேட்டரியைத் துண்டித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்து, இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தி, 112-க்குப் போன் செய்வது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 2012 ஆகஸ்டில் கண்ணூர் பக்கத்தில் சாலாவில் கவிழ்ந்த கேஸ் டேங்கர் வெடித்து 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து வந்த 18 டன் கேஸ் டேங்கர் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் கழன்று விழுந்து கசிந்தது. மணிக்கணக்கில் தண்ணீர் அடித்தார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. கசிவுக்கும் பொறிக்கும் நடுவில் கிடைக்கும் அந்த நிமிடங்களில் டிரைவருக்கு என்ன தெரியும் என்பதில் ஒரு ஊரே அடங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட அறிவை ஒரு தனி மனிதனின் பேட்டாக் காசில் வாங்கச் சொல்வது சரியில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

அணைப்பானைக் கையில் கொடுத்து உண்மையான தீயை அணைக்கவிடுகிறார்களா, டிரெம் கார்டை (சரக்கின் ஆபத்தும் அவசரத்தில் செய்ய வேண்டியதும் எழுதிய அட்டை) தமிழில் விளக்குகிறார்களா, பி.பி.இ. என்ற உடல் பாதுகாப்புக் கவசத்தைப் போட்டுக் கழற்றவைக்கிறார்களா என்று சேருமுன் கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் அங்கேயே சேருங்கள்.

சான்றிதழ் வாங்கியதும்

1. மேஜையை விட்டு நகருமுன் சான்றிதழைப் படியுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் நான்கும் லைசென்ஸில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்கே திருப்பி அனுப்புவார்கள். பயிற்சி நடந்த மூன்று தேதிகள், நிறுவனத்தின் அங்கீகார எண், கையெழுத்து, முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. பரிவாஹன் சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளுக்குள் போய், எண்ணையும் பிறந்த தேதியையும் போடுங்கள். சேவைப் பட்டியலில் ஆபத்தான பொருள் ஓட்டுவதற்கான ஒப்புதலைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழை ஏற்றி, கட்டணத்தை அங்கேயே செலுத்துங்கள். அரசுக் கட்டணம் சிறிய தொகைதான். அதைப்போல் பல மடங்கு கேட்கும் ஏஜென்டிடம் போகத் தேவையில்லை.

3. நேரம் ஒதுக்கிய நாளில் அசல் சான்றிதழ், அசல் லைசென்ஸ், ரசீது மூன்றோடும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். தளத்தில் பதிந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விட்டு, டெர்மினல் கேட்டில் நிற்பவர்கள் உண்டு.

4. புதிய கார்டு வந்ததும் ஹசார்டஸ் என்ற இடத்தில் தேதி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அன்றைக்கே போய்த் திருத்தச் சொல்லுங்கள். பயிற்சிச் சான்றிதழை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் அது ஒப்புதல் ஆகாது.

தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும், ஹசார்டஸ் ஒப்புதல் மூன்று ஆண்டுதான். அதற்குமுன் ஒப்புதல் ஒரே ஆண்டுக்குத்தான் இருந்தது. கார்டில் பெரிய தேதியை மட்டும் பார்த்து 2030 வரை கவலையில்லை என்று இருப்பவருக்கு ஒப்புதல் 2028-லேயே முடிந்திருக்கும். புதுப்பிக்கும்போது பழைய முறைப்படி ஒரு நாள் ரெஃப்ரெஷர் சான்றிதழ் கேட்பது வழக்கம். அந்த ஒரு நாளின் கட்டணமும் சம்பளமும் ஓனருடையதுதான். முதல் பயிற்சிக்குப் பேசும்போதே ‘புதுப்பிப்பதும் சேர்த்து’ என்று எழுதி வாங்கிவிட்டால், மூன்று ஆண்டு கழித்து மறுபடி பேச வேண்டியிருக்காது.

ஆக்டிங் டிரைவரும் சொந்த வண்டிக்காரரும்

ஒரு ட்ரிப் இந்த வண்டி, அடுத்த ட்ரிப் அந்த வண்டி என்று ஆக்டிங் ஓட்டுபவருக்கு அனுப்பிவைக்க ஒரு ஓனர் கிடையாது. இவர் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ட்ரிப் கூலியில் அதை ஏற்றிக் கேட்க வேண்டும். மொத்தச் செலவு 7,250, ஒப்புதல் மூன்று ஆண்டு, மாதம் நான்கு ட்ரிப் என்றால் 144 ட்ரிப். ட்ரிப்புக்கு 50 ரூபாய்க்கு மேல் விழும். ஒப்புதல் உள்ள ஆக்டிங் டிரைவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கூலி பேசும் ஓனரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுபவர் டிரைவரும் அவர்தான், ஓனரும் அவர்தான். விதி 132-உம் 135-உம் அவர்மேலேயே விழும். அவர் பயிற்சிச் செலவை எஃப்.சி., இன்சூரன்ஸ், டயர் இருக்கும் அதே கணக்கில் எழுதி, வாடகை பேசும்போது அதையும் சேர்த்துப் பேச வேண்டும். கிளீனராக வருபவர் அவ்வப்போது ஸ்டியரிங் பிடிப்பார் என்றால் அவரையும் பயிற்சிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கித் தர வேண்டும், அதுவும் ஓனர் செலவில்தான்.